‘வராது’ என்றொரு தீர்ப்பு

“எனக்குக் கணக்கு வராது, ஐயா!”

பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளி திறந்த முதல் வாரம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் நம் மேசையருகே வந்து நின்று சொன்ன சொல் இது. சொல்லும்போது அவன் கண் கலங்கவில்லை, குரல் நடுங்கவில்லை. ஊர்ப் பெயர் கேட்டால் எப்படிச் சொல்வானோ, தந்தை பெயர் கேட்டால் எப்படிச் சொல்வானோ, அப்படிச் சொன்னான். பிறக்கும்போதே உடன் வந்த மச்சத்தைக் காட்டுவது போலக் காட்டினான். பன்னிரண்டு வயதுப் பாலகன்! உலகின் வாயிலில் இப்பொழுதுதான் வந்து நிற்கிறான். அதற்குள் ஒரு கதவைத் தானே இழுத்துத் தாழிட்டு, திறவுகோலையும் தூர எறிந்துவிட்டான்!

“யாரப்பா சொன்னது, உனக்குக் கணக்கு வராதென்று?” எனக் கேட்டோம்.

பதில் பேசவில்லை. பையைத் துழாவினான். மதிப்பெண் அட்டையை எடுத்து நீட்டினான். அரையாண்டுத் தேர்வு, கணக்கு, 11 மதிப்பெண். அதற்கெதிரே சிவப்பு மையில் இரண்டே சொற்கள்: “கணக்கு வராது.” கையெழுத்து யாருடையது? நம்முடையதேதான்! அதன்கீழே அவன் தந்தையின் ஒப்பம். மகனுக்கு எதிராக எழுதப்பட்ட தீர்ப்பு என்று அறியாமலே, ‘பார்த்தேன்’ என்று ஒப்பமிட்டு அனுப்பியிருந்தார் அந்த உழைப்பாளி.

நாற்பது விடைத்தாள்களைத் திருத்திக் களைத்த ஓரிரவில், களைப்பின் கடைசியில், கை போன போக்கில் எழுதிய சொற்கள் அவை. எழுதினோம், மறந்தோம். அவன் மறக்கவில்லை. வேதவாக்கு என நம்பினான். ஏன் நம்பமாட்டான்? ஆசிரியர் எழுதியதாயிற்றே!

நெற்றியிலே எழுதியிருக்கிறது என்று சொல்லி மக்களை முடக்கிய மடமையைக் கண்டித்து மேடைகளிலே முழங்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தலையெழுத்து என்று ஒன்றில்லை எனத் தர்க்கம் பேசியவர்கள் நாம். அந்த நாமே, அறியாச் சிறுவன் ஒருவனுக்குத் தலையெழுத்து எழுதியிருக்கிறோம்! முன்பு நெற்றியில் எழுதினான் என்றார்கள். இன்று மதிப்பெண் அட்டையில் எழுதுகிறோம். எழுத்தாணி மாறிற்றேயன்றி எழுத்து மாறவில்லை.

அன்று முதல் ஒரு கேள்வி நம்மை விடாது தொடர்கிறது. நல்ல மனப்பான்மை, நம்பிக்கையுள்ள மனப்பான்மை என்று எல்லோரும் பேசுகிறார்களே, அது எது? அதை ஒருவர் உள்ளத்தில் வளர்ப்பது எப்படி? அழிப்பது எவ்வளவு எளிது என்பதை நாம் கண்டுகொண்டோம். இரண்டு சொற்கள் போதும்!

‘வரவில்லை’, ‘வராது’ ஆகிய இரு சொற்களை எண்ணிப் பாருங்கள். ‘வரவில்லை’ என்பது செய்தி. ‘வராது’ என்பது தீர்ப்பு. முன்னது நேற்று நடந்ததைச் சொல்கிறது, அதோடு நின்றுவிடுகிறது. பின்னதோ நாளையையும், நாளை மறுநாளையும், இனி வரப்போகும் ஆண்டுகளையும் ஒருசேர வளைத்துப் போட்டுவிடுகிறது. இந்தச் சிறுவனுக்கு மட்டுமா இத்தீர்ப்பு? இந்தக் கோப்பு நகராது. இந்தத் தெருச் சாக்கடை சீர்ப்படாது. பெண்ணுக்கு இந்த வேலை ஒத்துவராது. நம்மவர்க்கு வணிகம் வராது. இந்த நாடு உருப்படாது. எத்தனை ‘ஆது’கள்! காலையில் கண் விழித்தது முதல் இரவு கண் மூடும் வரை, கேட்பாரின்றி வழங்கப்படும் தீர்ப்புகள் எத்தனை எத்தனை! சாட்சி விசாரணையில்லை, வழக்குரைஞர் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

“அப்படியானால் இதற்கு மாற்று, எல்லாம் நன்மைக்கே என்று எண்ணிக்கொள்வதுதானே?” என்பர் சிலர். அந்த மருந்தையும் உலகம் உண்டு பார்த்திருக்கிறது.

செருமானிய அறிஞர் லைப்னிட்சு 1710இல் ஒரு நூல் வெளியிட்டார். இருக்கக்கூடிய உலகங்கள் எல்லாவற்றினும் சிறந்தது நாம் வாழும் இவ்வுலகே என்பது அதன் சாரம். கேட்பதற்கு இனிய கொள்கை. செல்வர் மாளிகைகளிலே செல்வாக்கோடு உலவிய கொள்கை. 1755 நவம்பர் 1ஆம் நாள் காலை, போர்ச்சுகல் நாட்டின் தலைநகரம் லிசுபனில் நிலம் நடுங்கிற்று. புனிதர் அனைவர்க்கும் உரிய திருநாள் அது; கோயில்களிலே கூட்டம் நிரம்பியிருந்த நேரம். கூரைகள் இடிந்து வீழ்ந்தன. கடல் பொங்கி வந்தது. பின்னர் மூண்ட தீயோ நாட்கணக்கில் எரிந்தது. மாண்டவர் பல்லாயிரவர்.

இதுவும் நன்மைக்கோ? பிரெஞ்சு நாட்டு வால்டேர் அந்தக் கேள்வியைக் கேட்டார். 1759இல் ‘கான்டீட்’ என்ற சிறு கதை நூலை எழுதி, அடி மேல் அடி விழுந்தாலும் ‘எல்லாம் நலமே’ என்று பாடம் படிக்கும் தத்துவப் பேராசிரியர் ஒருவரைப் படைத்து, ஐரோப்பாவையே சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்பிலே பொசுங்கிப் போயிற்று அந்தப் பொய்யான ஆறுதல்.

ஆனால், லிசுபனிலே வேறொன்றும் நடந்தது. மதகுருமாரிற் சிலர், “ஆண்டவன் சினம் இது, அழுது தொழுங்கள்” என்றனர். அமைச்சராக இருந்த ஒருவரோ (பிற்காலத்தில் பொம்பல் பிரபு எனப் பெயர் பெற்றவர்) ஊர்தோறும் ஒரு வினாப்பட்டியலை அனுப்பினார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? எத்தனை முறை மீண்டும் நடுங்கியது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? எத்தனை பேர் மாண்டனர்? இவைதாம் வினாக்கள். நிலநடுக்கத்தை ஆராயும் அறிவியலுக்கு அவ்வினாப்பட்டியலை ஒரு தொடக்கம் என்று இன்றும் குறிப்பிடுகின்றனர். நகரம் மீண்டும் எழுந்தபோது, சுவர்களுக்குள்ளே மரச்சட்டங்களால் கூண்டு அமைத்து, நிலம் நடுங்கினும் நொறுங்காத வீடுகளைக் கட்டினர். அந்த அமைச்சர் கொடுங்கோன்மையில் குறைந்தவர் அல்லர்; அவரைப் போற்றிப் பாட நாம் முற்படவில்லை. அந்த வினாப்பட்டியலை மட்டும் பாருங்கள். எல்லாம் நலமே என்றது ஒரு மனம். எல்லாம் முடிந்தது என்றது ஒரு மனம். என்ன நடந்தது, இனி என்ன செய்யலாம் என்று கேட்டது மூன்றாவது மனம். முதலிரண்டும் கைகட்டி நிற்பவை. மூன்றாவதுதான் கல்லெடுத்துச் சுவர் வைத்தது.

நாம் தேடும் நல்ல மனப்பான்மை அந்த மூன்றாவது மனம்தான்.

இன்றைய கடைத்தெருவில் நம்பிக்கைச் சரக்குக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியைத் திறந்தால் போதும். “வெற்றி பெற்றுவிட்டதாக எண்ணிக்கொள்! மாளிகையில் குடியிருப்பதாகக் கண்ணை மூடிக் காண்! உலகம் உன் காலடியில்!” என்று கூவி விற்கிறார்கள். கண் மூடிக் கண்டால் காரியம் கைகூடுமா? உளவியல் அறிஞர் காப்ரியேல் ஏட்டிங்கன் என்ற பெண்மணியும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 1991இல் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டனர். உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தனர். ‘என்னால் குறைக்க முடியும்’ என்று எதிர்பார்த்தவர்கள் மிகுதியாகக் குறைத்தனர். ஆனால், மெலிந்து அழகாக நடமாடுவதாக இனிய கனவுகளைக் கண்டுகொண்டிருந்தவர்களோ, குறைவாகவே குறைத்தனர்! எதிர்பார்ப்பு வேறு, பகற்கனவு வேறு. உண்ணாமலே உண்ட நிறைவைத் தருவது பகற்கனவு. உண்டுவிட்டோம் என்று மனம் நம்பிவிட்டால், உலை வைக்கக் கை எழுமோ?

அப்படியாயின், ‘என்னால் முடியும்’ என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து பிறக்கிறது?

1967இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், சுடீவன் மேயர் என்ற இளம் ஆராய்ச்சியாளர் இருவர் வெளியிட்ட சோதனை ஒன்று பெரிதும் பேசப்பட்டது. சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தனர். இன்று எண்ணினால் நெஞ்சம் பதறும் சோதனைதான் அது. ஒரு பகுதி நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்த முடிந்தது. மற்றொரு பகுதி நாய்களோ என்ன செய்தும் நிறுத்த இயலாதபடி வைக்கப்பட்டன. பிறகு எல்லா நாய்களையும் தாழ்ந்த தடுப்பு ஒன்று இடப்பட்ட பெட்டியில் விட்டனர். தாண்டினால் தப்பலாம். முதற்பகுதி தாண்டிற்று. இரண்டாம் பகுதியில் பெரும்பாலானவை படுத்துக் கிடந்தன. தாண்டவே முயலவில்லை. ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று அதற்குப் பெயரிட்டனர்.

ஐம்பது ஆண்டுகள் உருண்டன. 2016இல் அவ்விருவரே, மூளை பற்றிய புதிய ஆராய்ச்சிகளைக் கொண்டு, தம் பழைய முடிவைத் திருத்தி எழுதினர். முடங்கிக் கிடப்பது கற்றுக்கொள்வதன்று. நீண்ட துன்பத்துக்கு உடல் இயல்பாகத் தரும் மறுமொழியே அது. கற்றுக்கொள்ள வேண்டியது மற்றொன்று: ‘என் செயலால் இது மாறும்’ என்னும் அறிவு. தாம் சொன்னது தவறென்று ஐம்பது ஆண்டு கழித்து அறிவித்தார்களே, அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்! அதனினும் பெரிது, அவர்கள் கண்ட உண்மை. நம்பிக்கை பிறவியில் வரும் பேறன்று. பேச்சைக் கேட்டு ஏறும் வெறியுமன்று. அது ஒரு பாடம். தன் கை பட்டு ஏதேனும் ஒன்று மாறக் கண்டவனே அப்பாடத்தைக் கற்கிறான். கண்டதே இல்லாதவனிடம் போய், ‘நம்பு! நம்பு!’ என்றால் எதை வைத்து நம்புவான்?

இதைப் படித்த பிறகு, அந்தச் சிறுவனின் விடைத்தாளை மீண்டும் எடுத்தோம். முதன்முறை திருத்தினோம், இம்முறை படித்தோம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்பது கேள்வி. ஐந்தில் இரண்டு என எழுதியிருந்தான். மேலெண்ணோடு மேலெண், கீழெண்ணோடு கீழெண். அடுத்த கணக்கிலும் அதே முறை. அதற்கடுத்ததிலும் அதே முறை. மூளையற்றவன் செய்யும் பிழையா இது? ஒரு விதியைத் தானே வகுத்துக்கொண்டு, ஒழுங்காக, ஓரிடத்தும் வழுவாமல் அதைப் பின்பற்றியிருக்கிறான்! விதிதான் தவறு. அதைக் காட்டித் தராதது யார் தவறு?

அழைத்து அமர்த்தினோம். “அரைத் தோசை தின்றாய். அதன் மேல் மூன்றில் ஒரு பங்குத் தோசையும் தின்றாய். மொத்தத்தில் அரைத் தோசைக்கும் குறைவாகவா தின்றிருப்பாய்?” என்று கேட்டோம். “அதெப்படி ஐயா குறையும்?” என்றான். “ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவாயிற்றே! நீ எழுதியது அதுதானே?” என்றோம். தாளைப் பார்த்தான், நம்மைப் பார்த்தான், சிரித்துவிட்டான். தன் பிழையைத் தானே கண்டு சிரித்தானே, அந்தச் சிரிப்பிலேதான் பிறந்தது நம்பிக்கை என்போம். ‘நீ மிகக் கெட்டிக்காரன், நூற்றுக்கு நூறு வாங்குவாய்’ என்று நாம் புகழ்ந்திருந்தால் அது பொய். பொய்யென்று அவனுக்கும் தெரியும். ‘கணக்கு வராது’ என்றது கொடுமை. கொடுமைக்கும் பொய்க்கும் நடுவே ஒரு வழி உண்டு. இங்கே தவறியது, இதைத் திருத்தலாம், வா என்பது அது.

ஆசிரியர் எண்ணம் மாணவன் வாழ்வில் எவ்வளவு தூரம் பாயும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ராபர்ட் ரோசந்தால் என்ற உளவியலாரும், லெனோர் சேக்கப்சன் என்ற பள்ளித் தலைமையாசிரியரும் 1968இல் வெளியிட்ட நூல் அது. கலிபோர்னியா மாநிலத் தொடக்கப்பள்ளி ஒன்றில், இன்னின்ன பிள்ளைகள் இவ்வாண்டு மலர்ச்சி பெறுவர் என ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயர்கள். உண்மையில் அவை குலுக்கி எடுத்தாற்போல் எடுத்த பெயர்களே! ஆண்டு முடிவில் பார்த்தால், கீழ் வகுப்புகளில், அப்பெயருக்குரிய பிள்ளைகள் அறிவுத் தேர்விலே மற்றவரினும் மிகுதியாக முன்னேறியிருந்தனர். பின்வந்த அறிஞர் பலர் இதைக் கடுமையாகச் சோதித்து, விளைவு இருப்பினும் அது சிறிதே என்றனர். சிறிதாகவே இருக்கட்டும்! ஒரு பிள்ளையின் எதிர்காலத்தில் சிறிது என்பது எவ்வளவு பெரிது!

இங்கே ஒரு தடை எழும், எழத்தான் வேண்டும். “வயிறு காய்ந்தவனிடம் மனத்தை மாற்று என்கிறீரே! வாழ்க்கை வாட்டுவது மனக்கோளாறாலா? கூலி குறைவு, கூரை ஒழுகல், சாதி இழிவு, இவையெல்லாம் எண்ணத்தை மாற்றினால் ஓடிவிடுமா?” என்பது அத்தடை. நியாயமான தடை. ஓடிவிடா. ஓடிவிடும் என்பவன் ஏமாற்றுகிறான், அல்லது ஏமாறுகிறான். உழைப்பவனுக்கு உரிய கூலியைக் கொடாமல், ‘முகமலர்ச்சியோடு வேலை செய்’ என்று அறிவுரை கூறும் முதலாளியின் நம்பிக்கைப் பேச்சு, பழைய விதிப்பேச்சின் புதுச்சட்டையே. ‘உன் வறுமைக்கு உன் முன்வினை காரணம்’ என்றது அது. ‘உன் வறுமைக்கு உன் மனப்பான்மை காரணம்’ என்கிறது இது.

பசித்த பிள்ளைக்குக் கணக்கு ஏறாது என்பதை உணர்ந்தவர்கள், ‘பசியை மறந்து படி’ என்று பாடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவத் தொடங்கிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் தொடங்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு நீண்ட இந்தச் சமையற்கூடத்தை எண்ணுங்கள். ‘பஞ்சை பராரிகளுக்குப் படிப்பு ஏறாது’ என்ற தீர்ப்பை ஏற்காமல், ‘ஏன் ஏறவில்லை?’ என்று கேட்டவர்கள் மூட்டிய அடுப்பு அது. தனி மனிதனுக்கு மட்டுமன்று, ஒரு சமுதாயத்துக்கும் நல்ல மனப்பான்மை உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, முறையிடுவது நம்பிக்கையின்மை என்று எண்ணாதீர்கள். கூரை ஒழுகுகிறது என்று மனு எழுதுபவர், கூரையைச் சரிசெய்ய முடியும் என்று நம்புகிறார். நம்பிக்கை இழந்தவர் மனு எழுதுவதில்லை; ஒழுகும் இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். குறை கண்டு குரல் எழுப்புவோரை ‘எப்போதும் குறை சொல்பவர்’ என்று ஒதுக்கும் தலைமையாசிரியரும், மேலாளரும், குடும்பத் தலைவரும் இதை எண்ணிப் பார்ப்பார்களாக. உங்கள் கூரையின் மீது அவருக்குத்தான் அக்கறை மிகுதி!

வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்தார்; மறுப்பதற்கில்லை. அது 38ஆம் அதிகாரம். அதோடு நூலை மூடிவிட்டாரா? இன்று நாம் பயிலும் வரிசைப்படி, ஊக்கமுடைமை 60, மடியின்மை 61, ஆள்வினையுடைமை 62, இடுக்கணழியாமை 63 என நான்கு அதிகாரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. முயற்சிக்கு அடுத்துத்தான் துன்பத்தில் தளராமை வருகிறது என்பதை நோக்குக. கை உழைத்த பிறகே மனம் உறுதிப்படும் என்ற முறைவைப்பு அதில் இருப்பதாகவே நமக்குப் படுகிறது.

அன்றாட வாழ்வில் இதற்குப் பெருந்தவம் வேண்டியதில்லை. தறியில் இழை அறுந்தால் நெசவாளர், ‘எனக்கு நெசவு வராது’ என்று எழுந்து போய்விடுவதில்லை. ‘அறுந்ததும் நன்மைக்கே’ என்று புன்னகை பூத்து அமர்ந்திருப்பதுமில்லை. அறுந்த இடத்தைத் தேடுகிறார், முடிச்சிடுகிறார், ஓட்டுகிறார். அவ்வளவுதான். அலுவலகத்தில் வேலை தவறினால், ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்னாமல், எந்த இழை அறுந்தது என்று தேடுவோம். வீட்டில் பிள்ளை தவறினால், ‘நீ உருப்படமாட்டாய்’ என்னாமல், எது உருப்படவில்லை என்று கேட்போம். நம் கைக்கு எட்டும் முடிச்சை நாம் போடுவோம். எட்டாததற்கு இன்னும் நான்கு கைகளைத் துணைக்கு அழைப்போம். தீர்ப்பெழுதும் வேலையை மட்டும் இன்றோடு விட்டுவிடுவோம்.

அந்தச் சிறுவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். முதல் மதிப்பெண் பெற்றான் என்று எழுத நமக்கும் ஆசைதான். ஆனால், உண்மை அதுவன்று. ஆண்டுத் தேர்வில் அவன் பெற்றது 29. தேர்ச்சிக்கு இன்னும் ஆறு வேண்டும். ஆனால், பின்னக் கூட்டல் அத்தனையும் சரி; ஒன்றுகூடத் தவறில்லை. தசமப் பெருக்கலில்தான் தடுக்கி விழுந்திருந்தான்.

மதிப்பெண் அட்டையை வாங்க வந்தபோது, நாம் வாய் திறக்குமுன் அவனே சொன்னான்:

“பின்னம் வந்துடுச்சு, ஐயா. தசமம் இன்னும் வரலை.”

சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்துவிட்டு, நீல மையில் அதையே எழுதி அனுப்பினோம். இம்முறை அவன் தந்தை ஒப்பமிட்டது தீர்ப்புக்கு அன்று, ஒரு செய்திக்கு.